பதிவு எதைத் தரும், எதைத் தராது: சொத்துச் சட்டம் படிக்க வருபவர்களுக்கு

“பட்டா எம்பேர்லதான் இருக்கு. அப்போ இடம் என்னுதுதானே?” சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி ஊரில் பரவியதும் யாராவது ஒரு மாமாவோ பெரியப்பாவோ இதைக் கேட்டுவிடுவார். சரியான பதில் சொல்ல ஒரு செமஸ்டர் ஆகும். பட்டா வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவு. வழக்கென்று வந்தால் அது ஒரு சான்றாகத் துணை நிற்கும். அதிலிருந்தே உரிமை பிறந்துவிடாது. பதிவு செய்த கிரயப் பத்திரம்கூட ‘இவரே உரிமையாளர்’ என்று அரசு கொடுக்கும் உத்தரவாதமில்லை. சார்பதிவாளர் பதிவது பத்திரத்தைத்தான். விற்றவரிடம் உரிமை இருந்திருந்தால் வாங்கியவருக்குப் போய்ச் சேரும். இல்லாவிட்டால் ஒன்றும் போகாது.

நிலம், அடுக்குமாடி, வணிகக்குறி, காப்புரிமை என்று எதைப் படித்தாலும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: இந்தப் பதிவு உரிமையை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே உள்ள உரிமையை நிரூபிக்க உதவுகிறதா, மற்றவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுக்கிறதா? சொத்துச் சட்டம் கட்டாயப் பாடம். அறிவுசார் சொத்துரிமை பல இடங்களில் விருப்பப் பாடம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஏதாவது ஒரு நிலச் சட்டத் தாளின் கடைசி அலகில் ஒட்டிக்கொண்டு வரும். வேறு வேறு செமஸ்டரில், வேறு வேறு ஆசிரியரிடம் படிப்பதால் இவை சம்பந்தமில்லாத பாடங்கள் போலத் தோன்றும். அந்த ஒரு கேள்வியை எல்லாவற்றிலும் கேட்டால் சம்பந்தம் தெரியும்.

முதலில் வாங்க வேண்டியவை

கைடு வாங்குமுன் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் அச்சிட்ட பிரதி, வாங்குங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 1882, பதிவுச் சட்டம் 1908, வசதியுரிமைச் சட்டம் 1882, காலவரையறைச் சட்டம் 1963, குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 1963 ஆகிய ஐந்தும் முதல் வாரத்திலேயே மேசையில் இருக்க வேண்டும். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஆனாலும் ஓரத்தில் குறிப்பெழுத அச்சுப் பிரதிதான் வசதி.

இதில் ஒரு பள்ளம் உண்டு. டெல்லியில் அச்சான பேர் ஆக்டில் மாநிலத் திருத்தங்கள் பெரும்பாலும் இருக்காது. பதிவுச் சட்டம் பிரிவு 17ஐ மத்திய வாசகத்தில் மட்டும் படித்தவர், விற்பனை ஒப்பந்தத்தைப் பதியத் தேவையில்லை என்று தேர்வில் எழுதிவிடுவார். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு அசையாச் சொத்தை விற்பதற்கான ஒப்பந்தமும் அதற்கான பவர் பத்திரமும் கட்டாயப் பதிவுக்குள் வந்துவிட்டன. தமிழ்நாட்டுத் திருத்தங்கள் சேர்ந்த பதிப்பைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் திருத்தத்தை எழுதி அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் நோட்ஸில் இன்னொரு ஆபத்து. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதாக அதில் இருக்கும். அது போய், 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில எடுப்புக்கு 1894ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2013 சட்டம் வந்தாயிற்று. சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 1.7.2024 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டன. இந்த நான்கில் ஒன்று பழையதாக இருந்தால் அந்த நோட்ஸின் மற்ற பக்கங்களையும் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

வீட்டில் இருக்கும் பத்திரத்தைத் திறங்கள்

சட்டப் பிரிவைப் படிக்குமுன் ஒரு கிரயப் பத்திரத்தை வரிவரியாகப் படித்துவிட வேண்டும். வீட்டிலோ உறவினரிடமோ ஒன்றைக் கேட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தேதி, எழுதி வாங்குபவர், எழுதிக் கொடுப்பவர். அடுத்து ‘எனக்கு இந்தச் சொத்து எப்படி வந்தது’ என்னும் பகுதி. இதுதான் பத்திரத்தின் உயிர். இன்ன ஆண்டு, இன்ன சார்பதிவகத்தில், இன்ன எண் பத்திரப்படி பாத்தியப்பட்டது என்று இருக்கும். அந்த எண்தான் உங்களை முந்தைய பத்திரத்துக்குக் கூட்டிப்போகும். அதிலிருந்து அதற்கு முந்தையது. வங்கிக்கு வேலை பார்க்கும் வழக்கறிஞர்கள் வழக்கமாக 30 ஆண்டுக்குப் பின்னோக்கிப் போவார்கள். ‘பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டு’ என்று மட்டும் இருந்தால் பென்சிலால் வட்டம் போடுங்கள். எந்தப் பூர்வீகம், எத்தனை வாரிசு, யாராவது கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும்.

அதன் பிறகு கிரயத் தொகை, சுவாதீனம் ஒப்படைத்த விவரம், வில்லங்கம் இல்லை என்ற உறுதி. விற்பவர் தன் உரிமைக்குக் கொடுக்கும் உறுதி சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55(2)இல் இருக்கிறது. பத்திரத்தில் எழுதாவிட்டாலும், வேறு உடன்பாடு இல்லாதவரை சட்டமே அதைச் சேர்த்துக்கொள்ளும். இப்படிப் பத்திரத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டே போனால் பிரிவு 54, 55 இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

கடைசியில் சொத்து விவரம்: சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை. இங்கே கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1 செண்ட் 435.6 சதுர அடி. 100 செண்ட் 1 ஏக்கர். சென்னைப் பக்கம் 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது சுமார் 5.5 செண்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 1 ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 செண்ட். பத்திரத்தில் 50 செண்ட், பட்டாவில் 0.20.0 என்று இருந்தால் பட்டாப்படி 49.4 செண்ட்தான் வருகிறது. ஏறக்குறைய 250 சதுர அடி குறைகிறது. அலகு மாற்றும்போது முழுமையாக்கியதால் வந்த குறைவா, பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளிப்போட்டதால் வந்ததா என்பது புல வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். இதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் எஃப்.எம்.பி. என்றே சொல்வார்கள். நான்கெல்லையும் அளவும் மோதும்போது நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை கொடுத்து வந்திருக்கின்றன என்பதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

பத்திரம் தமிழில், பாடம் ஆங்கிலத்தில் என்றிருப்பது பலருக்கும் தடுமாற்றம். இரண்டு பத்தியாக ஒரு அகராதி நோட்டு போடுங்கள். கிரயம் என்றால் சேல், பாகப்பிரிவினை என்றால் பார்ட்டிஷன், விடுதலைப் பத்திரம் என்றால் ரிலீஸ், சுவாதீனம் என்றால் பொசெஷன் என்று வரிசையாக. போக்கியம், ஒத்தி இரண்டும் யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ், அதாவது அனுபவத்தோடு கூடிய அடமானம், பக்கம் போகும். ‘லீஸ்’ என்ற சொல்லிடம் மட்டும் உஷார். நம் ஊரில் ‘வீடு லீஸுக்கு’ என்று போர்டு தொங்கினால் சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது என்று பொருள். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 105 சொல்லும் லீஸ் அனுபவ உரிமையைப் பிரதிபலனுக்கு மாற்றிக் கொடுப்பது. சாதாரண மாத வாடகையும் அதற்குள் வரும். போர்டில் தொங்கும் லீஸை ஆவணத்தின் வாசகத்தைப் பொறுத்துப் போக்கியமாகவே பார்க்க நேரலாம்.

ஈ.சி. பார்க்கும் பயிற்சி

பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். பரிவர்த்தனை இருந்தால் படிவம் 15, எதுவும் இல்லையென்றால் படிவம் 16. பதிவான கிரயம், அடமானம், செட்டில்மென்ட், ரத்து, நீதிமன்ற ஜப்தி ஆகியவை தெரியும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, இறந்தவரின் வாரிசுகள், நிலுவையில் இருக்கும் வழக்கு ஆகியவை தெரியாது. இந்த இரண்டாவது வரிசையை ஒரு கட்டமாகப் போட்டு வையுங்கள். சொத்துத் தகராறுகளில் பாதி அங்கிருந்துதான் முளைக்கும்.

நிலுவை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52இன்படி வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். அவருக்கு வழக்கு தெரியுமா தெரியாதா என்ற பேச்சே இல்லை. ஈ.சி.யில் ஒன்றும் இல்லை என்று காட்டித் தப்ப முடியாது. அதனால் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டுத் தேடுவதையும் பயிற்சியில் சேருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள், முதலெழுத்து முன்னும் பின்னும் மாறும். நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேடாமல் ‘வழக்கு இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

சொத்து மாற்றுச் சட்டத்தை எந்த வரிசையில் படிப்பது

முதல் பிரிவிலிருந்து ஒழுங்காகத் தொடங்குபவர்கள் 13, 14இல் மாட்டிக்கொள்வார்கள். டி.பி. ஆக்ட் என்று சொல்லப்படும் இந்தச் சட்டம் பலருக்கும் கசந்துபோவது அங்கேதான். வரிசையை மாற்றுங்கள். பிரிவு 3இன் விளக்கங்கள், 5, 6. அங்கிருந்து நேராக 54, 58, 105, 122. விற்பனை, அடமானம், குத்தகை, தானம் நான்கும் புரிந்த பிறகு, இவை எப்போது கோணலாகும் என்று சொல்லும் 41, 43, 52, 53, 53ஏ. கடைசியில் 10 முதல் 35 வரை.

பிரிவு 53ஏயில் ஒரு தேதி முக்கியம். பகுதி நிறைவேற்றத்தின் பாதுகாப்பு, அதாவது ஒப்பந்தப்படி இடத்தை அனுபவத்தில் எடுத்துக்கொண்டவரை விற்றவர் வெளியேற்ற முடியாத பாதுகாப்பு, பதிவாகாத ஒப்பந்தத்துக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 24.9.2001இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின் பதிவு செய்த ஒப்பந்தத்துக்குத்தான். அதற்கு முந்தைய தீர்ப்புகளை அப்படியே எடுத்தெழுதினால் விடை தப்பு. அதேபோல பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் மூன்றையும் எழுதிக்கொடுத்துவிட்டு ‘விற்றாயிற்று’ என்று சொல்லும் வழக்கத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சொன்னதை மூலத் தீர்ப்பிலேயே படியுங்கள். நீளம் அதிகமில்லை. அந்த வழியில் உரிமை மாறாது என்பதை பிரிவு 54இன் வாசகத்திலிருந்தே படிப்படியாக எடுத்துக் காட்டுகிறது. பிரிவை எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொள்ளவும் நல்ல தீர்ப்பு.

13, 14க்கு வருவோம். இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் தன் சொத்தை மகனுக்கு ஆயுள் வரை, அதன் பின் மகனுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆயுள் வரை, அதன் பின் வேறொருவருக்கு என்று எழுதுகிறார். பிறக்காத பிள்ளைக்கு ஆயுள் உரிமை மட்டும் கொடுத்ததால் பிரிவு 13இல் விழுகிறது. பிறக்காதவருக்குக் கொடுப்பதென்றால் மிச்சமுள்ள உரிமை முழுவதையும் கொடுக்க வேண்டும். சரி, முழுவதையும் கொடுக்கிறார், ஆனால் அந்தப் பிள்ளைக்கு 25 வயதாகும்போதுதான் உரிமை சேரும் என்கிறார். இப்போது 13 தாண்டியாயிற்று, 14இல் விழுகிறது. உயிரோடு இருப்பவரின் ஆயுளும் அதற்குப் பின் அந்தப் பிள்ளையின் மைனர் காலமும்தான் எல்லை, மைனர் காலம் 18இல் முடிகிறது. ஒவ்வொரு கணக்கையும் காலக்கோடு வரைந்து போடுங்கள். படம் வரையாமல் இதைப் புரிந்துகொண்டவர்கள் அபூர்வம்.

அடமானத்தில் ஆறு வகையையும் ஒப்பித்தால் போதாது. நிபந்தனைக் கிரய அடமானத்துக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு செய்த உண்மையான கிரயத்துக்கும் வேறுபாடு என்ன என்பதுதான் கேட்கப்படும். பிரிவு 58(சி)இன் காப்புரையை (புரவைசோ) பாருங்கள்: நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லையென்றால் அது அடமானம் ஆகாது. இரண்டு தனிப் பத்திரமாக எழுதியிருந்தால் அந்த வாதமே முடிந்தது.

தானத்தோடு சேர்த்து செட்டில்மென்ட்டையும் படியுங்கள். பெற்றோர் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பிள்ளை சோறு போடவில்லை என்று தாங்களாகவே ரத்துப் பத்திரம் பதியப் போகும் வழக்கு நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. பிரிவு 126 ஒருதலையாக ரத்து செய்ய இடம் தருவதில்லை. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் பிரிவு 23, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதும் விடை தனியாகத் தெரியும்.

பிரச்சினைக் கேள்விக்கு விடை எழுதும் முறை

கதை மாதிரி கொடுத்திருக்கும் கேள்வியைப் பார்த்ததும் பிரிவைத் தேடாதீர்கள். முதலில் தேதிகளை ஒரு கோட்டில் போடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் கீழே என்ன ஆவணம், பதிவானதா, யார் கையில் அனுபவம் என்று மூன்றை எழுதுங்கள். அப்புறம்தான் சட்டம்.

ஒரு மாதிரி. முருகன் தன் மனையை 40 லட்சத்துக்குச் செல்விக்கு விற்பதாக ஜனவரி 10 அன்று ஒப்பந்தம் எழுதி 5 லட்சம் முன்பணம் வாங்குகிறார். ஒப்பந்தம் பதிவாகவில்லை. மார்ச் 3 அன்று அதே மனையைக் குமாருக்குப் பதிவு செய்த கிரயம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். செல்விக்கு என்ன வழி?

பெரும்பாலோர் ‘பதிவான கிரயமே வெல்லும்’ என்று எழுதிப் பாதி மதிப்பெண்ணோடு திரும்புவார்கள். முழு விடை இப்படிப் போகும். பிரிவு 54இன்படி ஒப்பந்தம் மனையில் எந்த உரிமையையும் செல்விக்குத் தரவில்லை. ஆனால் முருகன் மீது அவருக்கு ஒரு கடப்பாடு இருக்கிறது. பிரிவு 40இன்படி அதை விஷயம் தெரிந்து வாங்கியவர் மீதும் அமல்படுத்தலாம். குறித்தவகைத் தீர்வுச் சட்டம் பிரிவு 19(பி)யும் அதையே சொல்கிறது. ஆகவே கேள்வி முழுக்கக் குமாரின் தலையில் வந்து நிற்கிறது: அவருக்கு முந்தைய ஒப்பந்தம் தெரியுமா? தெரியாமல், நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பு. தெரிந்திருந்தால் இல்லை.

பதிவாகாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் பார்க்குமா? பதிவுச் சட்டம் பிரிவு 49இன் காப்புரை, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின்னும் தமிழ்நாட்டில் அது பொருந்தும் என்று ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் உறுப்பு 54இன்படி மூன்று ஆண்டு. இப்போது கதையில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: செல்வியின் ஒப்பந்தம் பதிவாகியிருந்தது. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 3இன் விளக்கப்படி பதிவே குமாருக்கு அறிவிப்பு. ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் வாய் திறக்க முடியாது. பதிவு எச்சரிக்கையாக வேலை செய்வது இதுதான். அது செல்விக்கு மனையைக் கொடுக்கவில்லை, குமாரின் சாக்கைப் பிடுங்கிக்கொண்டது.

ரெரா: எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் மனப்பாடம் செய்யத் தகுந்த பிரிவுகள் குறைவு: 2(கே) கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் பயன்படும் தளப் பரப்பு), 3, 4, 13, 14, 18, 31. வாங்குபவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து சொன்னால் 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து கொடுக்க வேண்டும். குறித்த நாளில் வீட்டைக் கொடுக்காவிட்டால் பிரிவு 18; பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது என்று நியூடெக் புரமோட்டர்ஸ் வழக்கில் 2021இல் தீர்ப்பானது.

எந்தத் திட்டத்துக்கு ரெரா பதிவு வேண்டாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ பதிவு தேவையில்லை. சென்னையின் இரண்டு கிரவுண்ட் மனையை எடுங்கள்: 4,800 சதுர அடி, சுமார் 446 சதுர மீட்டர். எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. தெருவுக்கு நாலு இருக்கும் சின்ன அடுக்குமாடிகள் பலவற்றில் ரெரா எண் இல்லாததற்கு இதுதான் காரணம். இல்லையென்றதும் மோசடி என்று கிளம்பிவிடாதீர்கள்.

அதே 4,800 சதுர அடியில் ஒரே அளவுள்ள எட்டு வீடு என்றால் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு 600 சதுர அடி. இதையே யு.டி.எஸ். என்பார்கள். எட்டுப் பத்திரத்தையும் கூட்டினால் 4,800க்கு மேல் போகக் கூடாது. குறைந்தால், மிச்சத்தைக் கட்டியவர் தன் பெயரில் வைத்துக்கொண்டு நாளைக்கு மேல்மாடி எழுப்பப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். பயிற்சிக்கு, தமிழ்நாடு ரெரா தளத்தில் ஏதாவது ஒரு திட்டத்தைத் திறந்து, பதிவு முடியும் தேதி, அனுமதி வரைபடம், மனையின் சர்வே எண் மூன்றையும் விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரெரா எண் இருந்துவிட்டால் மூலப்பத்திரம் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் வக்கீல்களிலும் உண்டு. ரெரா எண்ணால் மனையின் உரிமைமூலம் சுத்தமாகிவிடாது.

அறிவுசார் சொத்து: அதே கேள்வி, நாலு விடை

காப்புரிமை என்ற சொல்லே முதல் குழப்பம். தமிழில் பேட்டன்டுக்கும் காப்பிரைட்டுக்கும் இதையே மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நோட்டில் பேட்டன்டுக்குக் காப்புரிமை, காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை என்று முடிவு செய்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமையில் பதிவுதான் உரிமையை உண்டாக்குகிறது. 1970 சட்டப்படி வழங்கப்படாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. வழங்கினால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. விண்ணப்பிக்குமுன் கண்டுபிடிப்பை வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடும். தற்காலிக விவரணம் போட்டவர் 12 மாதத்துக்குள் முழு விவரணம் போட வேண்டும். படிக்க வேண்டிய தீர்ப்பு நோவார்ட்டிஸ் (2013): ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமை, சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. நூறு பக்கத்துக்கு அருகே வரும். முதல் வாசிப்பில், தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குத் திறன் கூடினாலொழியக் காப்புரிமை தராத பிரிவு 3(டி)யும் அதன் விளக்கமும் எங்கெல்லாம் வருகிறதோ அந்தப் பத்திகளை மட்டும் எடுங்கள். ஒன்று சொல்லிவிட வேண்டும்: காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். கலைப் பட்டத்தோடு வருபவர்கள் இதைத் தெரியாமல் இரண்டு ஆண்டு ஆசை வளர்த்துக்கொள்ள வேண்டாம். வழக்காட அந்தத் தடை இல்லை.

பதிப்புரிமை நேர் எதிர். எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடும்; பதிவு சான்று மட்டும்தான். படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். இங்கே சண்டை எல்லாம் யாருக்கு என்ன மாற்றிக் கொடுத்தார் என்பதில்தான். பிரிவு 19ஐ ஒரு கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். நிலத்தை விற்றால் திரும்ப வராது. பாட்டின் உரிமை எழுதிய விதத்தில் தானாகத் திரும்பி வந்துவிடலாம். ஒரு கதைக்கருவுக்கு உரிமை உண்டா என்பதற்கு ஆர்.ஜி. ஆனந்த் (1978) போதும்.

வணிகக்குறி இரண்டுக்கும் நடுவில். பதிவு உரிமை தரும், பதிவில்லாமலும் ஏமாற்று விற்பனை (தன் சரக்கை இன்னொருவர் சரக்கு போல விற்பது) என்ற பழைய வழியில் வழக்குப் போடலாம். இரண்டும் மோதும்போது? திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு (2015) இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். இரண்டு பக்கமும் பதிவுச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். முன்பிருந்தே அந்தப் பெயரைப் பயன்படுத்தி வந்தவரின் உரிமை, பின்னால் பதிவு வாங்கியவரின் உரிமையைவிட மேலானது என்று உச்ச நீதிமன்றம் பிரிவு 34, 27(2) வழியாக முடித்தது. சான்றிதழ் இருக்கிறதே என்ற நம்பிக்கை நிலத்தில் பட்டாவை நம்புவது போலத்தான்.

செய்முறைக்கு ஒரு வணிகக்குறி விண்ணப்பம் தயாரியுங்கள். ஊறுகாய், சாம்பார்ப் பொடி விற்று, கூடவே மெஸ்ஸும் நடத்தும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 45 வகுப்பு. ஊறுகாய் 29, மசாலாப் பொடி 30, மெஸ் 43. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம்: இணையவழியில் தனிநபர், சிறு தொழிலுக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. முதலில் பொதுத் தேடலில் எழுத்து ஒப்புமை, ஒலி ஒப்புமை இரண்டிலும் தேடுங்கள். தமிழ்ப் பெயரில் ஒலித் தேடல் நழுவும்; ‘அன்னம்’ என்பதை மூன்று நான்கு விதமாக ஆங்கிலத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். எப்போதிலிருந்து பயன்பாடு என்ற கட்டத்தில்தான் அதிகம் தவறுவார்கள். ஏழு ஆண்டாக விற்றுக்கொண்டிருப்பவருக்கு ‘இனிப் பயன்படுத்தப்போவது’ என்று போட்டுவிட்டால், பின்னால் முன்பயன்பாட்டைச் சொல்லும்போது எதிர்த்தரப்பு அந்தக் கட்டத்தையே எடுத்து நீட்டும். இதழில் வெளியான பின் எதிர்க்க 4 மாதம், பதிவானால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிப்பு. பதிவாகுமுன் வட்டத்துக்குள் ஆர் போட்டால் பிரிவு 107இன்படி குற்றம்.

புவிசார் குறியீட்டுக்கான பதிவகம் நாடு முழுமைக்கும் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் அங்கே பதிவானவை. தனிக் கடைக்காரர் எவருக்கும் அது சொந்தமில்லை; அந்த வட்டாரத்தில் தயாரிப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகச் சேரலாம். பிரிவு 24 இதை விற்கவோ அடகு வைக்கவோ உரிமம் கொடுக்கவோ விடாது. மாற்ற முடியாத சொத்து சொத்தா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடும்.

இன்டர்ன்ஷிப்பில் செய்ய வேண்டியது

பார் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம். ஓர் ஆண்டில் தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் கூடாது. பெரிய பெயருள்ள அலுவலகத்தில் பைல் தூக்குவதைவிட, மாவட்டத் தலைநகரில் சிவில் பக்கம் பார்க்கும், வங்கிக்கு லீகல் ஒப்பினியன் (சொத்தின் உரிமை சரியா என்ற சட்டக் கருத்து) எழுதும் ஒரு சீனியரிடம் 4 வாரம் இருப்பது சொத்துச் சட்டத்துக்கு நல்லது. போனவுடன் “சார், பழைய ஒப்பினியன் பைல் பத்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

அதன் வடிவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பார்த்த ஆவணங்களின் பட்டியல், சொத்து விவரம், தேதி வரிசையில் உரிமைத் தொடர், ஈ.சி. ஒப்பீடு, பட்டா, ஏ பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), எஃப்.எம்.பி., பிறகு குறைகள், கடைசியில் முடிவு. பழைய பைல்களில் குறைகள் பகுதியை மட்டும் தனியாக எடுத்துத் தொகுங்கள். திரும்பத் திரும்ப வருபவை சிலதான். வாரிசுச் சான்றிதழில் இருக்கும் மகள் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கைப் பற்றிய தமிழ்நாட்டின் 1989 திருத்தம், மத்திய அரசின் 2005 திருத்தம், 2020இன் வினீதா சர்மா தீர்ப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் அதை ஒதுக்க முடியாது. மைனர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றிருப்பார். பிள்ளை 18 தாண்டி 3 ஆண்டு வரை அந்தப் பத்திரத்துக்குக் கண்டம் உண்டு. பவர் கொடுத்தவர் இறந்த பிறகு பவர் ஏஜென்ட் கிரயம் எழுதியிருப்பார். ஏ பதிவேட்டில் புறம்போக்கு என்றோ கோயில் பெயரோ இருக்கும். பஞ்சமி நிலமாக இருந்து கைமாறியிருக்கும். பத்திரங்கள் வரிசையாக ஒழுங்காக இருந்தும் அடிப்படையே ஆடும்.

பிறகு நீங்களே ஒன்று எழுதி, சீனியரிடம் திருத்தக் கொடுங்கள். இடையில் ஒரு பத்திரம் கிடைக்கவில்லை என்றால் முன்பின் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டாம். ‘1994ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் பார்வைக்கு வரவில்லை, சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் பெற்றுச் சமர்ப்பிக்கவும், அதுவரை உரிமைத் தொடர் முழுமையடையவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துக்கு வையுங்கள்.